அலமாரிக்குள் அரைப் போத்தல்

என் தம்பி ஹெக்டர் வருடத்தில் நாற்பது நாள் குடிக்கமாட்டான். மீதி நாட்களைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வருவான். நேரே என் அறை வாசலுக்கு வந்து, முதல்நாள் குடித்து மிச்சம் வைத்த அரைப் போத்தல் சாராயத்தை என் கையில் தருவான்.

"அக்கா, வச்சிருங்க. உயிர்த்த ஞாயிறு அண்டைக்குக் கேப்பன்."

நான் அதைச் சேலைகளுக்குப் பின்னால் வைத்து அலமாரியைப் பூட்டுவேன். தவக்காலம் முடிகிற உயிர்த்த ஞாயிறன்று, பூசை முடிந்து, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து கையை நீட்டுவான். கொடுப்பேன். பத்தொன்பது வருடமாக இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஏன் கழுவுதொட்டியில் ஊற்றிவிடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஊற்றினால் அடுத்த வருடம் தரமாட்டானே என்ற பயம். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் மூன்று அறை வீடு எங்களுடையது. ஹெக்டர், அவன் மனைவி மெற்றில்டா, ஒரே மகள் ஷெரின், கப்பல் கம்பனி ஒன்றில் டைப் அடித்து ஓய்வு பெற்ற நான். கல்யாணம் கட்டாதவள் என்பதால் எல்லோரையும் அதட்டும் உரிமை எனக்கு உண்டு. ஹெக்டர் ஃப்ரிட்ஜ் திருத்துகிறவன். அவன் கை பட்டால் இருபது வருடப் பழைய ஃப்ரிட்ஜும் மறுபடி குளிரும். அதனால் எங்கள் பக்கத்தில் பழுதாகும் ஃப்ரிட்ஜ்கள் தவக்காலம் வரும்வரை பொறுத்திருக்கும். தையில் ஐஸ் கட்டாவிட்டால் "ஹெக்டர் நிப்பாட்டட்டும், பாப்பம்" என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிறுத்திய முதல் மூன்று நாளும் அவனைப் பார்க்க முடியாது. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடும். மெற்றில்டா கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். நான்காம் நாள் எழுந்து முகம் மழிப்பான். அதன் பிறகு அவனைப் போல ஒரு மனிதன் இந்தக் கொழும்பில் இல்லை. தவக்காலப் பசாம் பாட வீடுவீடாகக் கூப்பிடுவார்கள். இயேசுவின் பாடுகளை அவன் பாடினால் கிழவிகள் மட்டுமில்லை, ஓட்டோக்காரர்களும் அழுவார்கள். வரும்போது மகளுக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்கி வருவான். ஷெரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கலண்டரில் இயேசு பிறந்த நத்தாரை விடப் பெரிய வட்டமாகத் திருநீற்றுப் புதனுக்குத்தான் போடுவாள்.

"மத்தவங்கட அப்பா டுபாய்ல இருந்து லீவில வாறாங்க தானே அத்தை. எங்கட அப்பா அண்டைக்கு வாறார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

எங்களைக் கெடுத்தது அந்த நாற்பது நாள்தான். இதை இப்போது சொல்கிறேன். அப்போது சொல்ல வாய் வரவில்லை. முழு வருடமும் குடித்துக் கிடந்திருந்தால் எங்காவது இழுத்துக்கொண்டு போயிருப்போம். தெருமுனை டொக்டர் மஜீட் ஒரு தடவை என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "இது நேர்த்தி வச்சுத் தீர்க்கிற விஷயமில்ல மிஸ். இது வருத்தம், மருந்தெடுக்க வேண்டிய நோய். கூட்டிக்கொண்டு வாங்க, ஒரு இடத்துக்கு எழுதித் தாறன்." அழைத்துப் போகலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தவக்காலம் வந்துவிட்டது. நன்றாகத்தானே இருக்கிறான், நினைத்தால் விடக்கூடியவன்தானே என்று இருந்துவிட்டோம். தவணை தெரிந்ததால்தான் அவன் தாக்குப்பிடித்தான் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

ஷெரினுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரொமேஷ், நீர்கொழும்புப் பையன், இத்தாலியில் வேலை. அவனுடைய அம்மாவும் அப்பாவும் பெண் பார்க்க வரும் நாளை மெற்றில்டா பார்த்துப் பார்த்துத் தவக்காலத்தின் நடுவில் வைத்தாள். வந்தவர்கள் மகன் அனுப்பிய வைன் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார்கள். ஹெக்டர் அதை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளி, "நான் தொடுறதில்லை" என்றான். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"என்ட மனுசன் குடிச்சே சொத்தெல்லாம் அழிச்சவர், இப்பதான் அடங்கி இருக்கிறார். குடிக்காத வீட்டில பொம்பிளை எடுக்கோணும் எண்டு தான் நான் மாதாவைக் கேட்டனான்" என்றாள்.

நாங்கள் மூன்று பெண்களும் தேத்தண்ணீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரொமேஷுக்கு லீவு அடுத்த வருடம்தான் கிடைத்தது, அதுவும் மூன்றே வாரம். தவக்காலத்தின் கடைசியில் வந்து, உயிர்த்த ஞாயிறு கழிந்த சனிக்கிழமை திரும்பப் போகவேண்டும். எங்கள் கோவிலில் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. பீடத்தில் பூக்கூட இருக்காது. ஆக, ஹெக்டர் தெளிவாக இருக்கும் நாட்களில் கல்யாணம் இல்லை. கல்யாணம் வைக்கக்கூடிய நாட்களில் ஹெக்டர் இல்லை. மிஞ்சியது ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை.

மெற்றில்டாவும் நானும் பாதரிடம் போனோம். தவக்காலத்துக்குள்ளேயே, சின்னதாக, பாட்டு மேளம் இல்லாமல் முடித்துத் தரமுடியுமா என்று கேட்டோம்.

"வியாழக்கிழமை இருக்கே. ஏன் அவசரம்?" என்றார் பாதர். இளம் மனிதர், நல்லவர். "பாரமான காரணம் எண்டால் சொல்லுங்க, நான் ஆயர் இல்லத்துக்கு எழுதுறன். அனுமதி தருவாங்க. அப்பிடி ஏதும் இருக்கா?"

மெற்றில்டா என்னைப் பார்த்தாள். அந்த அறையில் கணக்கெழுதும் பிள்ளையும் மாதா சபைப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். ஹெக்டர் குடிக்கிறவன் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நாங்கள் வாயைத் திறந்து சொல்வது வேறு.

"இல்லை பாதர். லீவுப் பிரச்சினை மட்டும் தான்" என்றேன். மெற்றில்டா இல்லை, நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஹெக்டரை உட்காரவைத்துப் பேசினோம். ஷெரின் அவன் காலடியில் இருந்துகொண்டு, "அப்பா, நாலு நாள். எனக்காக நாலே நாள்" என்றாள்.

"நாப்பது நாள் இருக்கிறவனுக்கு நாலு நாள் பெரிசா மகள்? உன்ட கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விடுவன், பாரு" என்றான். பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவன் அதை முழுதாக நம்பினான்.

உயிர்த்த ஞாயிறு பகல் வந்தது. நான் அலமாரிச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் வரவில்லை. புரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை! மெற்றில்டா குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள். திங்கள் முழுக்கக் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தான். செவ்வாய் ஒரு ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். புதன் தேத்தண்ணீரைக் கூடத் தொடவில்லை. அந்தப் போத்தலை ஊற்றிவிட அந்த நான்கு நாளில் எனக்கு எத்தனையோ மணித்தியாலம் இருந்தது. வழக்கமாக இருந்த இடத்தில் அது இருக்கட்டும், வியாழன் போகட்டும் என்று விட்டேன். அதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணி. பூசை பத்தரைக்கு. மாப்பிள்ளையின் அம்மா பூச்செண்டோடு வந்து முன்னறையில் இருந்தாள். ஹெக்டர் கோட்டும் டையுமாக என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, அதைத் தாங்க."

"பைத்தியமா உனக்கு? இன்னும் ஒண்டரை மணித்தியாலம்."

"ஒரு வாய் மட்டும். அவ்வளவு சனத்துக்கு முன்னால நடக்க ஏலாது அக்கா. நெஞ்சு அடைக்குது."

"ஏலாது" என்றேன். அவன் குரல் ஏறியது. "உயிர்த்த ஞாயிறு முடிஞ்சுது தானே! தாறன் எண்டு தானே வாங்கினீங்க!" முன்னறையில் அந்த அம்மா பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அவன் இன்னொருமுறை கத்தினால் எல்லாம் போய்விடும். சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டே நான் அலமாரியைத் திறந்தேன்.

ஒரு வாய் என்றவன் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

கோவில் வாசலில் ஷெரினுக்குச் சாராய மணம் முட்டியது. அவள் அப்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு பூச்செண்டை என்னிடம் தந்துவிட்டு, ஒரு கையை அவன் கைக்குள் கோர்த்து, மற்றக் கையால் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாதான் மகளைக் கூட்டிப் போவது வழக்கம். எங்கள் பிள்ளை தன் அப்பனைத் தாங்கிக்கொண்டு போனாள். அவன் கண்ணீர் வழிய, கால் பின்ன நடந்தான். மகளைப் பிரிகிற துக்கம் என்று மாப்பிள்ளையின் அம்மாவும் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தாள். அவர்கள் கிட்டே வந்ததும் அதே லேஞ்சியை மூக்கில் வைத்தாள்.

கல்யாணம் நிற்கவில்லை. கல்யாண ஏட்டில் சாட்சியாக ஒப்பமிட, வாங்கில் தூங்கிப்போன ஹெக்டரை எழுப்ப முடியாததால் பாதர் பேனையை என்னிடம் தந்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே? ஒரு கடிதம் தானே." நான் பெயரை எழுதினேன்.

சனிக்கிழமை ரொமேஷை வழியனுப்பப் போன விமான நிலையத்தில் ஷெரின் என்னைத் தனியாக இழுத்தாள். "அலமாரிச் சாவி உங்களிட்டத் தானே இருந்தது அத்தை?" ஓம் என்றேன். அவள் ரொமேஷ் பக்கம் திரும்பி நடந்தாள். விசா வரும்வரை நீர்கொழும்பில் இருந்தபோது மாமியார் பேசியதெல்லாம் அவள் தனியாகக் கேட்டிருப்பாள். எங்களுக்குச் சொன்னதில்லை. இத்தாலிக்குப் போன பிறகும் ஞாயிறுகளில் தாயோடு மட்டும் கதைப்பாள்.

இந்த வருடம் திருநீற்றுப் புதனன்று ஹெக்டர் மத்தியானப் பூசை முடிந்து வந்தான். மெலிந்துவிட்டான், கண் மஞ்சளாகக் கிடந்தது, நெற்றியில் சாம்பல். மெற்றில்டா கூடத்தில் இருந்து இத்தாலிக்கு அழைத்துக்கொண்டிருந்தாள்.

"மகள், இண்டைக்கு அப்பா நிப்பாட்டிட்டார். ஒரு வார்த்தை கதைக்கிறியா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"வேலைக்கு நேரமாச்சு அம்மா" என்றாள் ஷெரின். வைத்துவிட்டாள்.

ஹெக்டரும் அதைக் கேட்டான். கேட்டுக்கொண்டே என் அறை வாசலில் கையை நீட்டியபடி நின்றான். கையில் அரைப் போத்தல்.

"அக்கா, வச்சிருங்க. இந்த முறை கேக்க மாட்டன்."

நான் வாங்கினேன். சேலைகளுக்குப் பின்னால் வைத்து அலமாரியைப் பூட்டினேன்.