எங்கள் பிளாக்கின் மேயர்

அப்பா இறந்த அன்று, அவருக்குச் சடங்கு செய்வது எப்படி என்று கைப்பேசியில் வீடியோ தேடிக்கொண்டிருந்தேன். அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் நான். அப்பா திருநெல்வேலிக்காரர். தனக்கு நீர்மாலை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். நெய்வேலியில் பிறந்த எனக்கு, மகன் குடத்தில் நீர் கொண்டுவந்து குளிப்பாட்டுவது என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எங்கள் சுரங்க நகரியத்துக்கு மேயர் கிடையாது. பிளாக்கில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்கும் சுரங்க மெக்கானிக்கை ‘மேயர்’ என்று கேலியாகக் கூப்பிட்டு வந்தவன் நான்தான். அன்றும் வந்தார்.

“எந்த ஜில்லாங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஸ்கூட்டரில் போய், வேறொரு பிளாக்கில் நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரை எழுப்பி அழைத்து வந்தார். முன்பின் தெரியாத அந்த மனிதர், ஆறில்லாத ஊரில் தெருக்குழாய் போதும் என்று சொல்லி, நாலு பேரை என் தலைக்கு மேல் வேட்டியைப் பந்தல்போலப் பிடிக்க வைத்து, குடத்தோடு என்னை நடத்திக் கூட்டி வந்தார். அப்பா கேட்டபடியே போனார்.

மயானத்திலிருந்து திரும்பியதும் மேயரின் கையைப் பிடித்துக்கொண்டு, பதவியில்லாத சேவையின் மகத்துவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க. அந்தத் திருநெல்வேலிக்காரருக்கு சுகரு, காலையிலேர்ந்து பட்டினியா ஒக்காந்துகினு இருக்காரு. மொதல்ல நாலு இட்லி வாங்கியாரச் சொல்லுங்க” என்றார்.