டாக்டரம்மா படித்த ஸ்டாப்

அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் கடைத்தெருவில் ஒரு சீனத்துப் பல் டாக்டர் இருந்தார். அவர் மஞ்சள் காமாலையில் படுத்ததும், கல்கத்தாவிலிருந்து புதிதாக வந்திருந்த அவர் மனைவி குறடைக் கையில் எடுத்தார். பிறந்த வீட்டிலும் அதே தொழில்தான் என்பதால் வேலை அவருக்கு அத்துப்படி. பேச்சுதான் தகராறு. சுரங்கத்து ஆட்களுக்குப் பாதி ஆங்கிலம் பழக்கம், நாலு வினைச்சொல் போதும் என்று, படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலீஷ் டீச்சர் என்று தொழிலாளர் குடியிருப்பு லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஓப்பன், பைட், ஸ்பிட் மூன்றும் ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டன. ஸ்டாப்பில்தான் டாக்டரம்மா முரண்டு பிடித்தார். பாதியில் நிறுத்தினால் வலி அதிகம், அந்தச் சொல் பஸ்ஸுக்குப் போதும் என்பது அவர் கட்சி. ஆனால் ஏற்கெனவே இரண்டு பேர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருந்தார்கள். இன்னும் சிலர் ஓடினால், கடையைக் கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அடுத்து வந்து உட்கார்ந்தவர் என் அப்பா. நந்திதுர்க் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்பவர். குறடு வாய்க்குள் போனதும் நாற்காலிக் கையில் டொக்கென்று ஒரு தட்டு தட்டினார். சீக்கிரம் என்கிறார் போலிருக்கிறது என்று டாக்டரம்மா இன்னும் அழுத்தினார். மறுபடி டொக். மறுபடி அழுத்தம். பெஞ்சில் காத்திருந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். நான் "ஸ்டாப்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னாம்மா இது, ஒரு பெல் அடிச்சா நிறுத்த மாட்டாங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுதான் கேஜ்; அது ஓடும்போது நிறுத்த ஒரே ஒரு மணி அடித்தால் போதும். ஆபத்தென்று யார் அடித்தாலும் மேலே என்ஜின் ஓட்டுகிறவர் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்பார். இதைக் கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன்.

"யார் அடித்தாலுமா? கூலிக்காரரும்?" என்று டாக்டரம்மா ஆங்கிலமும் இந்தியும் கலந்து கேட்டார்.

"அவருந்தான்."

டாக்டரம்மா குறடைக் கீழே வைத்தார். பிறகு அப்பாவின் கையை எடுத்து நாற்காலிக் கைமேல் வைத்து, "யூ ஸ்டாப், ஐ ஸ்டாப்" என்றார்.

அப்பா சும்மா விடுவாரா? குறடு பல்லைத் தொடுமுன்பே ஒரு டொக். குறடு நின்றது. இன்னொரு டொக். நின்றது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தவர், பல் வெளியே வரும்வரை தட்டவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் குழாயடியில், கன்னம் வீங்கிய பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் விசாரித்தார்.

"வலிச்சிதாண்ணா?"

"உசுரே போயிடுச்சிப்பா. ஆனா அந்தம்மா நிறுத்துன்னா நிறுத்துறாங்க. இத்தினி வருசத்துல கேஜை வுட்டா நான் சொல்லி வேற இன்னா நின்னுது? பயப்படாம போ."

மறுநாள் காலையில் பெஞ்சில் எனக்கு உட்கார இடமில்லை.