கடக்கமாட்டார்

சாரதி ஆசனத்தில், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காக்கா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. மூத்த சகோதரனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து அவரே எடுத்து அனுப்பிய படம் அது. வாகனம் அப்போது ஓடிக்கொண்டிருந்ததாம், ஸ்டியரிங் தன்பாட்டில் திரும்பிக்கொண்டிருந்ததாம். கூடவே ஒரு குரல் பதிவும் வந்தது. "மாப்பிள்ள மாதிரிக் குந்திட்டு இரி எண்டு சொல்லிப்போட்டானுகள் புள்ள. ஒண்டையும் தொடப்படாதாம். ஏதும் பிழைச்சா மட்டும் பிரேக்கப் புடிக்கட்டாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். இங்கே நானும் சிரித்தேன். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிப் படத்தின் மேல் ஊதினார்.

அன்று சிரித்ததை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அப்படியான வாகனங்களுக்கு வீதியைப் பார்க்கப் பழக்குகிற வேலையில்தான் அப்போது நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதைக் காக்காவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் பத்திரிகையில் ஜனாஸா என்கிற மரண அறிவித்தல் தவிர வேறு எதையும் வாசிக்கமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். யாராவது வாசித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னால், சொல்லட்டும். இதில் கடைசியாக வருவதை என் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை.

கடல் ஊருக்குள் வந்த அன்று வாப்பாவை இழந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. காக்காவுக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அவளைப் பெற்றவர்களின் பாடு; பெற்றவர் இல்லையென்றால் உடன்பிறந்தவனின் பாடு. சாய்ந்தமருதில் நான் இருக்கும் இந்த வீடு காக்கா வாகனம் ஓட்டிக் கட்டியது. முதலில் முச்சக்கர வண்டி, பிறகு கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையில் வேன், அதன்பிறகு வளைகுடாவில் ஹோட்டல் ஒன்றின் மினி பஸ். என் வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு தன் மூத்த மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார். எங்கள் ஆண்கள் தங்களுக்கென்று வீடு கட்டுவதில்லை. தங்கச்சிக்குக் கட்டுகிறார்கள், மகளுக்குக் கட்டுகிறார்கள், கடைசிவரை மனைவியின் வீட்டில் விருந்தாளியாக இருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிற காலம்வரை அந்த விருந்தாளிக்கு மரியாதை குறைவதில்லை.

காக்கா நல்ல சாரதி என்று ஊரே சொல்லும். எனக்குத்தான் இன்னொன்றும் தெரியும். வேன் ஓட்டிய காலத்தில் ஒருநாள் சுபஹு வெளிச்சம் வருகிற நேரம், மகியங்கனைப் பக்கம், கண்ணயர்ந்து வேனை வயலுக்குள் இறக்கிவிட்டார். உள்ளே பன்னிரண்டு பேர். அல்லாஹ்வின் காவல், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வயல்காரன் மட்டும் நசிந்த பயிரைக் காட்டிக் கத்தினானாம். அதை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். "ஒரு கொட்டாவி புள்ள, அவ்வளவுதான். அந்தக் கொட்டாவிக்குள்ள பன்னிரண்டு மையத்து இரிந்திச்சி." ஆகவே தூங்காத, கைத்தொலைபேசி பார்க்காத, கோபத்தில் முந்திப் போகாத ஒரு வாகனம் வந்தால் எத்தனை வீடுகளில் அழுகை இல்லாமல் போகும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதை நம்பித்தான் அந்த வேலைக்குப் போனேன். இன்றும் நம்புகிறேன், என்னுடைய கரைச்சலே அதுதான்.

வேலை இடம் கல்முனையில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடி. பதினைந்து கணினிகள், பெரும்பாலும் பெண்கள். ஏதோ ஒரு நாட்டு வீதியில் எடுத்த காட்சி திரையில் ஓடும். அதில் மனிதரைச் சுற்றி ஒரு பெட்டி, மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஒரு பெட்டி, நாயைச் சுற்றி ஒரு பெட்டி என்று கோடு போட்டுப் பெயர் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வாகனம் வீதியைப் படிக்கிறது. பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு, ஊரைவிட்டுப் போகாமல், காற்றாடிக்குக் கீழே இருந்து உழைக்கக் கிடைத்ததை அல்லாஹ் தந்த பரக்கத் என்றுதான் எல்லோரும் சொன்னோம். வீட்டுவேலைக்குக் குவைத் போக இருந்த ஒருத்தி பாஸ்போட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். அவள் முகத்தில் அன்று கண்ட நிம்மதியையும் நான் மறைக்கக் கூடாது.

பிறகு கஷ்டமான ஒரு வேலை வந்தது. வீதியோரத்தில் ஒருவர் நிற்பார். அவர் காலெடுத்து வைப்பதற்கு முன்னமே காட்சி நின்றுவிடும். அவர் வீதியைக் கடப்பாரா, கடக்கமாட்டாரா என்று நாங்கள் குறிக்க வேண்டும். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான் குறித்ததில் பாதிக்கு மேல் பிழையென்று மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தது. வேலை போய்விடும் போலிருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, திரையை என் கைத்தொலைபேசியால் வீடியோ எடுத்துக் காக்காவுக்கு அனுப்பினேன். வெளியாளுக்குக் காட்டக் கூடாது என்பது விதி. கூடப் பிறந்த காக்கா எனக்கு வெளியாளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பதில் அநேகமாக மறுநிமிடமே வரும். "பைய மத்தத் தோளுக்கு மாத்திட்டான், கடப்பான்." "இவன் பாக்கிற ரோட்ட இல்ல, வாகனத்திட நம்பர. டெக்ஸிக்கு நிக்கிறான், கடக்கமாட்டான்." "அந்தப் பொம்புளட செருப்பு ஒண்டு கழண்டு கிடக்கு பாரு. அதப் போடாம அவ அசையமாட்டா." நான் பத்துத் தரம் பார்த்தும் காணாத செருப்பு அது. இருபது வருஷம் கண்ணாடிக்குள்ளால் மனிதரின் தோளையும் காலையும் பார்த்துச் சேர்த்த அறிவை அவர் எனக்குக் குரல் பதிவுகளாக அள்ளித் தந்தார், நான் அதைத் திரையில் குறித்தேன். என் வேலை திரும்பி வருவது நின்றது. சில மாதங்களில் என்னையே மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். மற்றவர்கள் குறித்ததையும் பார்த்துக் கடைசியாகச் சரி போட்டு அனுப்புகிற ஆள் நானானேன். இதெல்லாம் எதற்கு என்று காக்கா ஒருநாள் கேட்டார். கணினியில் ஒருமாதிரிப் பரீட்சை என்றேன். அவர் அதையும் பெருமையாகத் தன் கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் ஜனாஸா ஒன்று வந்தது. எந்த ஊரோ தெரியாது. ஆண்கள் இறந்தவரைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்து வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். சுமப்பவர்களுக்குப் பெட்டி போட்டாயிற்று. சந்தூக்குக்குள் இருப்பவருக்கு என்ன போடுவது? பட்டியலில் ஆள், வாகனம், விலங்கு, சுமை என்று நான்குதான் இருந்தன. "இதென்ன கேள்வி? உள்ளுக்குள்ள இரிக்கிறது ஆள்தானே. ஆள் எண்டு போடு" என்றார் காக்கா. போட்டேன். சந்தேகத்தில் முகாமையாளரையும் கேட்டேன்; அவர் அதைச் சுமை என்று மாற்றச் சொன்னார். அதைச் சொன்னதும் காக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "மையத்தச் சுமை எண்டானா? மையத்து வந்தா நிப்பாட்டோணும் எண்டு தெரியாம ரோட்டில எவன்டி..." என்று தொடங்கியவர் முடிக்காமலே நிறுத்திவிட்டார். பிறகு டியூட்டிக்கு நேரமாகுது என்று வைத்துவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் ஹோட்டலுக்குத் தானாக ஓடும் வாகனம் வந்து, கையை முழங்காலில் வைத்த அந்தப் படமும் வந்தது. நான் தொடர்ந்து கேள்வி அனுப்பினேன், அவர் தொடர்ந்து பதில் அனுப்பினார். ஆறேழு மாதங்களில் அந்த ஆசனத்திலும் ஆள் தேவையில்லை என்றாகிவிட்டது. காக்கா ஒரு சூட்கேசும் ஒரு கம்பளிப் போர்வையுமாக ஊர் வந்து சேர்ந்தார். மகளின் வீட்டில் சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. பெண் கேட்டு வந்திருந்த பகுதியார், வீடு முடியட்டும், நமக்கு அவசரமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த மரியாதைக்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மதினி ஒரு வார்த்தை குத்திக் கதைத்திருக்கமாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இருந்தும் பகலில் மனைவியின் வீட்டில் இருக்கக் காக்காவுக்குக் கூசியது. காலையில் ஷேர்ட்டை அயன் பண்ணி மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்போலப் புறப்பட்டு, என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்த ஷேர்ட்டை அதற்கு மேலும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில், பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்ட கேள்விகள் எதற்கு, அவர் சொன்ன பதில்கள் எங்கே போயின என்று அழுதழுது சொன்னேன்.

"தெரியும் புள்ள" என்றார். "மையத்துக் கதையோடயே எனக்கு விளங்கிட்டு. ரோட்டில நடந்து திரியிற எவனும் அப்படிக் கேக்கமாட்டான். ரோட்டையே காணாத ஒண்டுக்குத்தான் நாம சொல்லிக் குடுக்கிறம் எண்டு விளங்கிட்டு."

"தெரிஞ்சும் ஏன் காக்கா சொல்லித் தந்தீங்க?"

"நான் சொல்லாட்டி இன்னொருத்தன் சொல்லுவான். உன்ட வேலையாவது நிலைக்கட்டும் எண்டு நினைச்சன்." கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "ஆனா எல்லாத்தையும் சரியாச் சொல்லல்ல."

எனக்குப் பிடிபடவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக் கதைத்தார்.

"அந்த சீட்டில சும்மா குந்த வெச்சானுகளே, அப்ப எனக்கு ஒரு எரிச்சல் வந்திச்சி. மூணு தரம் மாத்திச் சொன்னன். எங்கயாவது போய் முட்டட்டும், அப்பதான் ட்ரைவர்ட அருமை விளங்கும் எண்டு. ரெண்டு என்னெண்டு இப்ப நினைவில்ல. ஒண்டு சின்னப் புள்ள. மஞ்சள் சட்டை. நிப்பாட்டின ரெண்டு வாகனத்துக்கு நடுவில நிண்டிச்சி. குதிகால் நிலத்தில இல்ல, அது ஓடிவரப் போற புள்ள. நான் கடக்கமாட்டா எண்டு சொன்னன்." பிறகு நிமிர்ந்தார். "இப்ப கண்ண மூடினா அந்தச் சட்டதான் புள்ள. அதத் திருத்தேலாதா?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காக்கா மீது எனக்கு வெறுப்பு வந்தது. பன்னிரண்டு பேருக்காக அழுத மனிதர் முகம் தெரியாத ஒரு பிள்ளையை எப்படி அந்த இயந்திரத்துக்கு முன்னால் விட்டார்? ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் படத்துக்கும் சரி போட்டு அனுப்பியவள் நான்தான் என்பது அப்போது உறைத்தது. எவ்வளவு யோசித்தும் அந்த மஞ்சள் சட்டை எனக்கு நினைவுக்கு வரவில்லை. காக்காவின் சொல் என்பதால் நான் படத்தைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே முகாமையாளரிடம் போனேன். பழைய படமொன்றில் பிழை விட்டுவிட்டேன், எடுக்க முடியுமா என்று கேட்டேன். யாரைக் கேட்டுக் குறித்தேன் என்பதைச் சொல்லவில்லை; சொல்லியிருக்க வேண்டும். அவர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் போய் எத்தினை மாசம் தங்கச்சி. வாகனம் படிச்சு முடிஞ்சிருக்கும். மாவில உப்பைப் போட்டுக் குழைச்ச பிறகு உப்பைத் தனியா எடுக்கேலுமா? அவ்வளவு படத்துக்குள்ள ஒண்டு ரெண்டு பிழை ஒண்டும் செய்யாது, யோசிக்காதீங்க." ஒருவேளை அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அந்த வாகனம் மஞ்சள் சட்டைக்கும் நிற்கும் அளவுக்குப் படித்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதில் எது என்று எனக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இப்போது அந்த மாடியில் பாதிக் கணினிகள் மூடிக் கிடக்கின்றன. பெட்டி போடவும் ஒரு இயந்திரம் வந்துவிட்டது. குவைத் பாஸ்போட் மறுபடியும் அலுமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது. நான் இன்னும் போகிறேன். அது போட்ட பெட்டி சரியா என்று பார்க்கிறேன், ஒவ்வொரு படத்தையும் தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்க்கிறேன்.

முகாமையாளரிடம் கேட்ட அன்று மாலை, பள்ளியில் மஃரிப் தொழுதுவிட்டுக் காக்கா வந்தார். செருப்பைக் கழற்றவும் இல்லை, வாசலிலேயே நின்று கேட்டார்.

"என்ன சொன்னானுகள்?"

"திருத்தியாச்சி காக்கா."

"அந்தப் புள்ளட படம்?"

"ஓம். எனக்குப் பிறகும் பாக்கிறதுக்கு ஆக்கள் இரிக்காங்க. அவங்க அப்பவே கண்டு புடிச்சித் திருத்தியிரிக்காங்க. மூண்டையும்."

எனக்குப் பிறகு பார்க்க யாரும் இருக்கவில்லை. முதலில் என் வேலைக்காக அவரிடம் மறைத்தேன், இப்போது அவருடைய நித்திரைக்காக மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். காக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவருடைய தோள் இரண்டும் இறங்கின. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உள்ளே வந்து, என் தொழுகைப் பாயை எடுத்து விரித்து, நன்றிக்காக இரண்டு ரக்அத் தொழ நின்றார். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் வெகுநேரம் கிடந்தார். அவர் கட்டித் தந்த குசினிக்குள் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றேன். தண்ணீர் கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பும்வரை நான் வெளியே வரவில்லை.