எட்டின் இரண்டாம் வளையம்

ஜார்ஜ் டவுன் ஸ்கேட்டிங் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சக்கர ஸ்கேட்டோடு பலகைத் தரையில் எட்டுப் போட்டதைப் பார்த்த நிமிடமே, நானும் இதில் போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. வெறியோடு பழகி, அங்கே நடக்கவிருந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். "இந்தப் போட்டியில தோத்தா இதையெல்லாம் மூட்டை கட்டிட்டு ஆபீஸ் வேலைக்குப் போவணும்" என்றார் அப்பா.

போட்டியன்று, புதிதாக வாங்கிய ஸ்கேட்டோடு கிளம்பிய என்னை அக்கா வழிமறித்தாள். "புது வண்டின்னா எலுமிச்சம்பழம் நசுக்காம எடுப்பாங்களா? இதுவும் சக்கரந்தானடா!" அவள் ஆசைக்காக ஸ்கேட்டை மாட்டிப் பழங்களின் மேல் ஏறி இறங்கினேன். அவசரமாகத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

எட்டின் முதல் வளையம் சுத்தமாக வந்தது. இரண்டாவதில் திரும்பும்போது இடது கால் ஸ்கேட்டின் ஒரு சக்கரம் சுற்றாமல் தரையைத் தேய்த்தது. அச்சில் எலுமிச்சை விதை! உடம்பு முன்னால் சாய்ந்தது. "விழப்போறான் லா!" என்று கூட்டத்தில் யாரோ மலாய் இழுவையோடு கத்தினார்கள். சட்டென்று இடது காலைத் தூக்கிவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது காலிலேயே மிச்ச வளையத்தை முடித்தேன். கூடமே கைதட்டியது. நடுவர்களோ, தரையில் வரைந்திருந்த கோட்டிலிருந்து விலகியதற்காக என்னை மூன்றாவதாக வைத்தார்கள்.

வெளியே அப்பா நின்றிருந்தார். "அந்த ஒத்தக் கால் வித்தை, வேணும்னே செஞ்சியா?"

ஆமாம் என்றால் ஆபீஸ் வேலையிலிருந்து தப்பித்திருக்கலாம். "இல்லப்பா. சக்கரம் மாட்டிக்கிச்சு."

அவர் ஸ்கேட்டை வாங்கிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். "அப்ப அடுத்த தடவை வேணும்னே செஞ்சு காட்டு."

அன்றுமுதல் விழுந்துகொண்டேயிருக்கிறேன். பதற்றத்தில் தானாக வந்தது, கூப்பிட்டால் வர மறுக்கிறது. ஆனால் விழுகிற பயம் போய்விட்டது. நாளை கூடம் திறந்ததும் முழு எட்டையும் ஒற்றைக் காலில் போட்டுப் பார்க்கப் போகிறேன், அதுவும் பின்னோக்கி.