ஸ்பீக்கருக்கு வைத்த பொட்டு

அறுபதுகளில் தாராவியில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்திக்கொண்டு, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்கு ஆசைப்பட்டவன் நான். எங்கள் ரிக்கார்டு பிளேயரோடு வந்த சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கம், தீப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கும். அந்த எரிச்சலில்தான் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு சேட்டின் கடைக்குப் போனேன்.

கடையில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும். அது கடைகளின் அயோக்கியத்தனம். சேட் எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். மகா நிபுணனைப்போல் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எது அதிகம் அதிர்ந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். வீட்டில் சரிப்படாவிட்டால் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து பத்து அங்குலமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சாமான் புதுசாகவே இருக்க வேண்டும் என்றார் சேட்.

ஸ்பீக்கருக்கென்று சொல்லிவைத்திருந்த மரப்பெட்டியை ஆசாரி செய்து தந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பீக்கரை அதில் பொருத்தலாம் என்று வேலையிலிருந்து ஓடிவந்தால், மேஜைமேல் மல்லாந்து கிடந்த அதன் காகிதக் கூம்பில் கொழகொழவென்று சந்தனம், நடுவில் குங்குமம். ஈரத்தில் காகிதம் அப்பளமாக நெளிந்திருந்தது.

"ஏல, யாரு பார்த்த வேல இது?"

எங்களோடு தங்கியிருந்த என் மைத்துனன் சாவகாசமாக வந்தான். "நாந்தான் அத்தான். புதுச் சாமான், வெள்ளிக்கெழம வேற. பொட்டு வைக்காண்டாமா?"

"தராசுக்கு வையி, தையல் மிஷினுக்கு வையி! இது காயிதம்லா!"

"நீங்கதான அத்தான், இதுதான் இனி நம்ம வீட்டு சரஸ்வதின்னு சொன்னிய?"

பொருத்திப் பாட்டுப் போட்டேன். மிருதங்கத்தின் ஒவ்வொரு 'தொம்'முக்குப் பின்னாலும் ஒரு 'கர்ர்'. பிள்ளைக்கு ஜன்னி கண்டதுபோல் பதறினேன். கழற்றி ஊதினேன், விசிறினேன், ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டாக இருந்தது பெரிய காயமாகிவிட்டது. அந்தப் பழியையும் மைத்துனன் தலையில்தான் போட்டேன்.

மறுநாள் அதைத் துண்டில் சுற்றி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். 'வரும்போதே சிவப்பாகத்தான் இருந்தது' என்று வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தேன். பாழாய்ப்போன சேட், பொய் சொல்லவே இடம் தரவில்லை. துண்டை விலக்கியதும் கூம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பூஜா ஹோ கயா! அப் தோ யே ஆப்கே கர் கி லக்ஷ்மி ஹை!"

பூஜை ஆகிவிட்டதாம், இனி இது என் வீட்டு லட்சுமியாம்; பூஜை போட்ட லட்சுமியைத் திரும்ப வாங்குவது மகா பாவமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. பாவத்தை நான் சுமக்கிறேன், பத்து அங்குலத்தைக் கொடு என்று என் ஓட்டை இந்தியில் கத்தினேன். சேட் சாயா வரவழைத்தான். அதையும் வெட்கமில்லாமல் குடித்துத் தொலைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால், வாசலிலேயே மைத்துனன் நின்றான். "என்ன அத்தான், மாத்தித் தரலியா?"

"பூச போட்டத வாங்க மாட்டானாம்!"

"பாத்தியளா? வெவரம் தெரிஞ்ச மனுசன்."

அதே சனியனைப் பெட்டிக்குள் வைத்து, மரம் விரியும் அளவுக்குத் திருகாணிகளை இறுக்கினேன். சத்தத்தை முழுசாகத் திருப்பினேன். கர்ர்ர். அதற்கு மேலே குரலெடுத்துச் சேட்டை, மைத்துனனை, சந்தனத்தை, ஒன்றையும் விடாமல் ஏசினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி தலையை நீட்டினாள்.

"அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறைங்க. நீங்க ஏசுதது ஒண்ணும் வெளங்க மாட்டக்கு."