கோழிக்கொட்டகையில் மிஞ்சிய செட்டிங்குகள்

திரையில் பெட்டிகளை வைத்து, கோடு இழுத்து இணைத்து, எங்கோ இருக்கும் மோட்டாரையும் விசிறியையும் ஓடவைப்பது எங்கள் தொழில். புதிதாக வரைவதைவிடப் பழையதன் மிச்சத்தை அள்ளுவதில்தான் பாதி நாள் போகிறது. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு வரைந்த படத்தை நகலெடுத்து அடுத்தவருக்கு வைப்போம். சர்வர் முகவரி போன்ற செட்டிங்குகளும் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு படத்தை அழித்தாலும் செட்டிங் அழியாது. ஓரத்துப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சீட்டுக்கு இரண்டு துண்டு

இலுப்பூர்ப் பக்கம் காதர் பாய் கறிக்கோழி வளர்க்கிறார். வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து போட்ட கொட்டகை. சித்திரை வெயிலில் அவருடைய விசிறிகள் தாமாக நின்று, தாமாக ஓட ஆரம்பித்தன. கறிக்கோழிக்கு அந்த வெயிலில் காற்று நின்றால் உயிர் நிற்காது.

அதற்குச் சற்று முன் கொட்டகையை நீட்டியபோது எங்கள் ஆட்கள் பழைய படத்தை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். சர்வருக்குப் போகும் இணைப்பு இரண்டாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே அடையாளம். சர்வர் ஒன்றை உள்ளே விட்டால் மற்றதை வெளியே தள்ளும். வெளியே போனது திரும்பி வந்து இதைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலிலும் விசிறிக்குப் போகும் கட்டளை அறுந்துபோகும். டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு இருவர் துண்டு போட்ட மாதிரி. நாங்கள் வரும்வரை கையால் போட்டு ஓட்டுங்கள் என்று போனில் சொன்னேன்.

"கையாலதான் சார் ஓட்டுறேன். நான் ஜும்மாவுக்குப் போனா கோழி எந்திரிச்சு சுவிட்சப் போட்டுக்குமா?" என்றார்.

வேறு ஊர்த் தொட்டி

என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லாவும் வந்தார். தீவன மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துப் பட்டியலைத் திறந்தார். அதில் பாதி காதர் பாய்க்குச் சம்பந்தமில்லாதவை. நானாக இருந்தால் கண்ணில் படாமல் மூடியிருப்பேன். ஸ்டெல்லா ஒவ்வொன்றையும் திறந்து, எங்கிருந்து வந்தது என்று பார்த்து, அதை அதன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டு போனார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு பாடம்போல இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும்.

காதர் பாய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "ஏம்மா, எங் கொட்டகைக்குள்ள அன்னவாசல் தண்ணித்தொட்டிக்கு என்ன வேலை? வாடகை தருதா?"

காற்று வருகிறதா

ஆபீசில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் ஸ்டெல்லாவிடம் ஒரு வழக்கம்: உரியவர் அந்த இடத்தில் நிற்காமல் எதையும் அழிக்கமாட்டார். காதர் பாயைக் கொட்டகையின் அந்தக் கோடிக்கு அனுப்பினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக ஒரே இணைப்புக்கு மாற்றினார்; மாற்றும்போதெல்லாம் "அங்கிட்டு ஓடுதா பாய்?" என்று கேட்டார். "ஓடுது, ஓடுது" என்று பதில் வந்த பிறகே அடுத்தது. கடைசியில் இரண்டாவது இணைப்பை நம்பி எந்தப் பெட்டியும் இல்லை, அதை அழித்தார். விசிறிகள் நிற்காமல் ஓடின.

திரையிலேயே தெரிகிறதே, அவரை ஏன் இந்த வெயிலில் நடக்கவைக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஓடுதுன்னு திரை காட்டும் சார். காத்து வருதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

புள்ளிக்கோடு

யாரும் பயன்படுத்தாத செட்டிங்கைச் சுற்றி எங்கள் மென்பொருள் புள்ளிக்கோடு போட்டுக் காட்டும். மொத்தமாகப் பிடித்து அழித்துவிடலாம். நான் அதற்குத்தான் கையை நீட்டினேன். அந்த அவசரம் சுத்தத்தின்மேல் உள்ள ஆசையா, வீட்டுக்குப் போகும் ஆசையா என்று இன்னும் தெரியவில்லை. "இருங்க சார்" என்று ஸ்டெல்லா தடுத்தார்.

கொட்டகையில் சூடு ஏறினால் காதர் பாயின் போனுக்கு அபாயச் செய்தி போக வேண்டும். அதற்கான செட்டிங்கும் ஒரே பெயரில் இரண்டு இருந்தது: ஒன்று பயனில், ஒன்று புள்ளிக்கோட்டில். நகலெடுக்கும்போது எல்லாம் வரும், பாஸ்வேர்டு மட்டும் வராது. இரண்டையும் திறந்து பார்த்தார். பயனில் இருந்தது வெறும் கூடு. பாஸ்வேர்டு புள்ளிக்கோட்டுக்குள் இருந்தது. அதைப் போட்ட எங்கள் ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கும் குறித்தும் வைக்கவில்லை; நான் அழித்திருந்தால் அதோடு போயிருக்கும். கொட்டகையை நீட்டிய நாளிலிருந்து அந்த அபாயச் செய்தி ஒருமுறைகூடப் போயிருக்க முடியாது.

அபாயப் பெட்டியைப் புள்ளிக்கோட்டு செட்டிங்கோடு இணைத்தார். சூட்டின் எல்லையை வேண்டுமென்றே இறக்கினார். காதர் பாயின் சட்டைப் பையில் போன் கத்தியது. எடுத்து வாசித்தவர், பிறகு விசிறிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இத்தன நாளா இது சத்தமே போடல. எல்லாம் நல்லாருக்குன்னுல்ல நெனச்சு நான் நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்தேன்."

இப்போது எதை அழிக்கப் போனாலும், இது குப்பை என்று சொல்ல நான் யார் என்ற யோசனை முதலில் வந்து உட்கார்ந்துகொள்வதால், என் வேலை சுத்தமாகியிருக்கிறதோ இல்லையோ, நன்றாகத் தாமதமாகியிருக்கிறது.