தவளை குளிக்கும் குளம்

பல் டாக்டர் வீட்டு நீச்சல் குளத்தைப் பதினொரு வருடமாகச் சுத்தம் செய்பவருக்கு அந்தக் குளத்தைக் கண்டாலே ஆகாது. குளோரின் கண்ணைக் கரிக்கும், முட்டி தேயும், அந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

அன்று குளத்தை மூடிவிடலாமா என்று டாக்டருக்கும் மனைவிக்கும் கரையிலேயே சண்டை.

"தண்டத்துக்கு இது எதுக்குங்க? யாரு குளிக்கறா?" என்றாள் மனைவி.

"ஏன், நான் குளிக்கல? பசங்க குளிக்கல? நீயே சொல்லுய்யா!" என்று டாக்டர் இவரிடம் எகிறினார்.

இவர் வடிகட்டிக் கூடையைக் கழற்றி டாக்டரின் காலடியில் கவிழ்த்தார். சருகு, வண்டு, ஒரு செத்த தவளை.

"ஆள் இறங்கற குளம்னா கூடையில முடி சிக்கும் சார். உங்க குளத்துல இதுவரைக்கும் தவளைதான் குளிச்சிருக்கு."

மனைவி சிரித்துவிட்டாள். டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து குப்பையைக் கிளறி, ஒரு முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இது என்னய்யா?"

குட்டை முடி, முழு நரை. டாக்டர் தலையோ சுத்த வழுக்கை.

"அது என்னுது சார். உங்க குளத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு கொட்டினது. நான் வந்த புதுசுல கறுப்பா இருந்துச்சு."